கோஃப் தீவு: கேட்கவில்லை

லா கொரோனிஷா
13 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

எல்பியோ எழுதுவது. நானும் சுல்மாவும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? லிஃப்டைச் சரி செய்தார்களா, இல்லை இன்னும் ஆறு மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாயா?

வேலையை ஒப்புக்கொண்டாயிற்று. சீசன் முடிந்து ஹோட்டல் காலி. நாற்பத்திரண்டு அறைக்கும் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, ஜன்னல்களைப் பார்ப்பது, கொதிகலனைத் தட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான் காவல்காரன் வேலை. மொட்டைமாடி முழுக்க எனக்கு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பம் வரை ஆன்டெனா கம்பி இழுத்துவிட்டேன். எதிரே கடல், நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. மொன்டேவிடியோவில் பஸ் இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு, இங்கே ஜப்பான்காரன் பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

வரவேற்பறைச் சுவரில் மூன்று கடிகாரங்கள்: மொன்டேவிடியோ, லண்டன், நியூயார்க். நியூயார்க் செத்துவிட்டது. லண்டனை கிரீன்விச் நேரத்துக்கு வைத்து, அதன் கீழே ரேடியோ மேஜையைப் போட்டுக்கொண்டேன். அரசாங்கம் வருஷா வருஷம் முள்ளை முன்னே தள்ளி, பின்னே தள்ளி விளையாடுவதில் எனக்கு அலுத்துவிட்டது. லண்டனை இவர்கள் தொட முடியாதல்லவா, இனி என் எழுத்தெல்லாம் அதைப் பார்த்துத்தான். சுல்மாவிடம், நான் லண்டன்காரன் ஆகிவிட்டேன் என்றேன். "லண்டன் தொரைக்குப் பாத்திரம் கழுவத் தெரியுமா?" என்று கேட்டாள்.

உன் அலைத்தாளுக்கு, நான் கேட்ட நிலையங்களின் இந்த வாரப் பட்டியல் இத்துடன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
எல்பியோ

---

மொன்டேவிடியோ
4 ஏப்ரல் 1988

அன்புத் தம்பி எல்பியோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் நான்காவது மாடியில் யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. சுல்மாவுக்கு இருமல் இருந்ததே, இப்போது பரவாயில்லையா?

ஈஸ்டர் விடுமுறை, டூரிஸம் வாரம் முழுக்க ஊரே வெளியே போய்விட்டது. நான் மட்டும் சமையலறை மேஜையில் தட்டச்சு இயந்திரத்தோடு. இந்தக் கட்டட நிர்வாகி மாடியில் ஒரு முழம் கம்பி கட்டக்கூட இன்னும் சம்மதிக்கவில்லை. "டீச்சரம்மா, இடி விழுந்தா யார் பதில் சொல்றது?" என்கிறான். ரேடியோ பெட்டியின் மேல் இப்போது பூச்சட்டி வைத்திருக்கிறேன். எழுபத்துநான்கு பேருக்கு, எந்த நிலையம் எந்த அலைவரிசையில் எப்போது கேட்கிறது என்று வாரா வாரம் தாள் அனுப்புகிறவளுக்குத் தானாக ஒரு நிலையத்தைக் கேட்க வழியில்லை. ஆகவே நீ கேட்பதுதான் நான் கேட்பது.

உன் கடிகாரப் புராணத்தை வாசித்தேன். சின்ன வயதிலும் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு உதை வாங்கினவன்தானே. பட்டியலை அச்சில் சேர்த்துவிட்டேன். ஜப்பான் வரியைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். வாரம் தவறாமல் அனுப்பு.

அன்புடன்,
மிர்த்தா

---

மொன்டேவிடியோ
9 மே 1988

மதிப்பிற்குரிய திருமதி மிர்த்தா எச்செவெரி அவர்களுக்கு,

தங்கள் நலமறிய விழைகிறேன். தாங்கள் பரிந்துரைத்த உப்பு நீர்க் கொப்பளிப்பை என் நோயாளிகளுக்கும் சொல்லி வருகிறேன்.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் ரேடியோ கழகத் தலைவர் என்ற முறையில் எழுதியாக வேண்டும். மார்ச் மாதம் முதல் தங்கள் தம்பி அலைத்தாளுக்கு அனுப்பிய தகவல்கள் பதினான்கு. அச்சிட்ட நேரத்தில் அச்சிட்ட அலைவரிசையில் நம் உறுப்பினர்கள் தேடியிருக்கிறார்கள். ஒன்று, ஒன்றே ஒன்றுகூட எவர் காதிலும் விழவில்லை. அந்த ஜப்பான் நிலையத்துக்காக நானே ஏழு நாள் நடுநிசி தாண்டி விழித்திருந்தேன். எட்டாம் நாள் காலை, ஒரு கிழவருக்கு நல்ல பல்லைப் பிடுங்க இருந்தேன்.

கேட்காததைக் கேட்டேன் என்று எழுதுவதைவிடப் பெரிய குற்றம் நம்மிடையே இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். நாம் ஒருவர் காதை ஒருவர் நம்பித்தான் இந்த உலகத்தைத் தேடுகிறோம். செப்டம்பர் 3 பொதுக்கூட்டத்தில் அவர் பெயரைக் கழகப் பதிவேட்டிலிருந்து நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவர இருக்கிறேன்.

இதைத் தயவுசெய்து அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் சுதாரித்துக்கொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
டாக்டர் ஓரெஸ்தெஸ் பாரெய்ரோ

---

மொன்டேவிடியோ
16 மே 1988

அன்புள்ள எல்பியோவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? குளிர் தொடங்கிவிட்டது. மாத்தே குடிக்கிற குவளையைக் கையில் இருந்து கீழே வைக்க மனமில்லை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அங்கே நாள் எப்படிப் போகிறது? எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்? ரேடியோவில் நீ உட்காரும்போது பக்கத்தில் சுல்மா இருப்பாளா? நீ கேட்பதை அவளும் கேட்பாளா? பழைய பெட்டிதானே, இல்லை வேறு வாங்கினாயா? ஜப்பான்காரனின் குரல் எப்படி இருந்தது, வயதானவனா?

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

மிர்த்தா

---

லா கொரோனிஷா
5 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இருமல் போய் இப்போது சுல்மாவுக்குத் தும்மல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "என்ன, உங்கக்கா போலீஸ்ல சேர்ந்துட்டாளா?" என்று கேட்டாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவள் வாய் அப்படி.

கேட்டதற்குப் பதில். இங்கே இரவு பதினோரு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும், முதலாளியின் உத்தரவு. அதற்கு மேல் ஹோட்டலில் ஒரு பல்பு எரியாது. ஆகையால் பத்தே முக்காலுக்கு நான் கம்பளிக்குள். சுல்மா ரேடியோ அறைக்கு வரமாட்டாள். வாசலில் நின்று சாப்பாடு ஆறுகிறது என்று சொல்வதோடு சரி. பெட்டி பழையதுதான். ஜப்பான்காரர் ககோஷிமாவில் பள்ளிக்கூட ஆசிரியர். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறார். முகவரிக்குக் கழகத்தின் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்திருக்கிறேன், நாங்கள் பேசியதற்கான உறுதி அட்டை அங்கே வரும்.

தாள்கள் நான்கு சேர்ந்து வந்தன. என் வரிகளைப் பார்த்தேன். நான் லண்டனைப் பார்த்து எழுதுகிறேன் என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா அக்கா? பரவாயில்லை. அதொன்றும் பெரிய விஷயமில்லை, நீ அலட்டிக்கொள்ளாதே.

வேறு ஒன்று. சின்ன வயதில் பைசாந்துவில் நம் வீட்டில் ஒரு பழுப்பு நாய் இருந்ததே, அப்பாவின் சைக்கிள் பின்னாலேயே ஓடும். அதன் பெயர் என்ன? இரண்டு நாளாக யோசிக்கிறேன். நேரம் கிடைத்தால் எழுது. நன்றாகத் தூங்கு. தனியாக இருக்கிறவள், அடுப்பை அணைத்தோமா என்று படுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்.

எல்பியோ

---

மொன்டேவிடியோ
15 ஜூன் 1988

மதிப்பிற்குரிய டாக்டர் பாரெய்ரோ அவர்களுக்கு,

நலம். தங்கள் வீட்டிலும் அனைவரும் நலமென நம்புகிறேன். பதில் ஒரு மாதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்ட தாள்கள் நிறைய.

பதினொரு வருஷமாக நீங்கள் எல்லோரும் நம் ஊர் நேரத்தில் எழுதி அனுப்புகிற பட்டியல்களை இந்தச் சமையலறை மேஜையில் வைத்து, மூன்று மணி கூட்டி, உலக நேரமாக்கி அடிக்கிறேன். ஓர் எண் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. அதே போல, எவரும் கேட்காத ஒரு வரி என் தாளில் வந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. இதுவரை.

என் தம்பி பொய் பேசுகிறவன் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் அவனே எழுதிவிட்டான்: இரவு பதினோரு மணிக்கு அங்கே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்களாம், பத்தே முக்காலுக்குப் படுத்துவிடுகிறானாம். அவன் பட்டியலில் ஜப்பான் 00.40. நியூஸிலாந்து 01.15. மின்சாரம் இல்லாத இருட்டில், கம்பளிக்குள் படுத்துக்கொண்டு எந்த ரேடியோவில் கேட்டான்? அந்தக் காகிதத்தை எத்தனை முறை படித்தாலும் வேறு அர்த்தம் கிடைக்கவில்லை. நடுவில் நாய், அடுப்பு என்று எதையெதையோ பேசி என் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறான். உறுதி அட்டையும் கழகப் பெட்டிக்கு வருமாம். எப்போது என்று கேட்டால் ஜப்பான் தூரம் என்பான்.

செப்டம்பர் வரை அவகாசம் கொடுங்கள். என் வழியில் ஒன்று செய்து பார்க்கிறேன். பொய் என்று தெரிந்தால் நீங்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டாம், அவன் பெயரை நானே அடித்துவிடுகிறேன். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள் நான்.

மிர்த்தா எச்செவெரி

---

மொன்டேவிடியோ
18 ஜூலை 1988

எல்பியோவுக்கு,

நலம். உங்கள் நலம் எழுதவும்.

இந்த வாரத் தாளின் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பாய். தெற்கு அட்லாண்டிக்கில் கோஃப் தீவு. வானிலைக் குழுவில் ஒருவர் ஜூலை 27, 28, 29, மூன்று மாலை மட்டும், உலக நேரம் 22.00 முதல் 23.00 வரை இருபது மீட்டர் அலைவரிசையில் வருவார். நம் கழகத்தில் இதுவரை எவரும் கேட்காத தீவு. உன் மாடியில் இருந்து நேர் எதிரே கடல்தானே. உனக்குக் கேட்காவிட்டால் வேறு யாருக்குக் கேட்கப்போகிறது?

கேட்டால் உடனே எழுது. விவரமாக எழுது.

மிர்த்தா

---

மொன்டேவிடியோ
1 ஆகஸ்ட் 1988

மதிப்பிற்குரிய திருமதி மிர்த்தா அவர்களுக்கு,

தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். எனக்கு இன்று எந்த வலியும் இல்லை!

கோஃப் தீவு, ஜூலை 28, உலக நேரம் 22.17. கேட்டது மட்டுமல்ல, பேசியும் ஆயிற்று. முதலில் மெலிந்து, பின் ஓர் அரை நிமிடம் தெளிவாக எழுந்தது. பேசியவர் இளைஞர், கேப்டவுன் உச்சரிப்பு, பின்னணியில் காற்றின் இரைச்சல். என் பெயரை இரண்டு முறை சரியாகச் சொன்னார். அடுத்த தாளில் முதல் பக்கத்தில் வந்தால் மகிழ்வேன். நம் உறுப்பினர்களில் மேலும் ஐந்து பேர் "மெல்லியதாக" கேட்டதாகச் சொல்கிறார்கள். பேசியவன் நான் ஒருவன்தான்.

தங்கள் தம்பி இந்த முறை என்ன கதை எழுதியிருக்கிறார் என்று அறிய ஆவல்.

தங்கள்,
டாக்டர் ஓரெஸ்தெஸ் பாரெய்ரோ

---

லா கொரோனிஷா
3 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உன் போன கடிதம் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கோஃப் தீவு: மூன்று மாலையும், லண்டன் 22.00 முதல் 23.00 வரை, அதன் பிறகும் கொஞ்ச நேரம். கேட்கவில்லை. அலை மோசமில்லை, கேப்டவுனே நன்றாக வந்தது. ஆகையால் என் ஆன்டெனாவைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆள் வரவே இல்லை என்று நினைக்கிறேன். யாராவது கேட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் பொறுத்து அச்சில் போடு. உன் தாளுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது.

மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி வழக்கமாகச் செய்கிற உருளைக்கிழங்கு ஞோக்கி ஆறிப்போயிற்று. அதிர்ஷ்டத்துக்காகத் தட்டுக்கு அடியில் வைத்த ரூபாய் நோட்டைச் சுல்மா எடுத்து வைத்துக்கொண்டு, "வாராத தீவுக்குக் காத்திருக்கிறவனுக்கு அதிர்ஷ்டம் எதுக்கு?" என்றாள்.

நாயின் பெயர் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. அவசரமில்லை. பைசாந்துவில் அம்மா நம்மை மருந்து வாங்க அனுப்புவாளே, அந்தக் கடைக்காரர் பெயராவது நினைவிருக்கிறதா? முடிந்தால் எழுது. இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை.

எல்பியோ

---

மொன்டேவிடியோ
12 ஆகஸ்ட் 1988

மதிப்பிற்குரிய டாக்டர் பாரெய்ரோ அவர்களுக்கு,

நலம். தங்கள் மகிழ்ச்சியான கடிதம் கிடைத்தது. கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜூலை கடைசியில் கோஃப் தீவில் இருந்து யாரும் பேசுவதாக எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. அந்த வரியை நான் இந்த மேஜையில் உட்கார்ந்து, ஒரு குவளை மாத்தே குடித்து முடிப்பதற்குள், என் கையால் இட்டுக்கட்டினேன். என் தம்பியைப் பிடிக்க வைத்த பொறி அது. அதில் நீங்கள் வந்து விழுந்திருக்கிறீர்கள், காற்றின் இரைச்சலோடும் கேப்டவுன் உச்சரிப்போடும். கேட்கவில்லை என்று எழுதியவன் அவன் ஒருவன்தான்.

இதை எழுதுவதில் எனக்குச் சந்தோஷம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஏனென்றால் நேற்று கழகத்தின் தபால் பெட்டியைத் திறந்தேன். எல்பியோ பெயருக்கு இரண்டு உறைகள். ஒன்று ககோஷிமா, ஒன்று நியூஸிலாந்து. அவன் உறையைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை. பிரித்தேன். ஜப்பான் ஆசிரியரின் உறுதி அட்டையில், உலக நேரம் 00.40 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எல்பியோவின் பட்டியலிலும் 00.40. என் தாளில் 03.40.

அவன் மார்ச்சில் இருந்தே லண்டன் கடிகாரத்தைப் பார்த்து, உலக நேரத்தில்தான் எழுதி வந்திருக்கிறான். நான் அதன் மேல் இன்னும் மூன்று மணியைக் கூட்டி, நிலையங்கள் எல்லாம் மறைந்துபோன பிறகு உங்களைத் தேட அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஏழு இரவுத் தூக்கத்தையும் கெடுத்தது அவன் இல்லை, நான். அந்தக் கிழவரின் பல்லுக்கும் நான்தான் பொறுப்பு.

இதை அடுத்த தாளின் முதல் பக்கத்தில் போடுகிறேன், கோஃப் தீவையும் சேர்த்து. செப்டம்பர் 3 அன்று எழுந்து நின்று சொல்லப்போகிறேன். உங்கள் கோஃப் தீவைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். அதை நீங்களே சொல்லிக்கொள்வது நல்லது.

மிர்த்தா எச்செவெரி

---

மொன்டேவிடியோ
13 ஆகஸ்ட் 1988

என் எல்பியோவுக்கு,

நலமா என்று கேட்க இன்று எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீயும் சுல்மாவும் நலமா?

இத்துடன் இரண்டு அட்டைகள். உறைகள் கிழிந்திருக்கும், கிழித்தது நான். உன் பட்டியல்களை எல்லாம் மூன்று மணி தள்ளி அச்சிட்டுவிட்டேன். அதனால் எவரும் எதையும் கேட்கவில்லை. கேட்காததால் நீ இட்டுக்கட்டுகிறாய் என்றார்கள். உன்னைக் கழகத்திலிருந்து நீக்க மே மாதமே முடிவு செய்துவிட்டார்கள், செப்டம்பரில் வாக்கெடுப்பு. உன்னிடம் சொல்லாதே என்றார்கள், நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைக்கூட விடு. நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ எப்போது படுப்பாய் என்று கேட்டது அதற்குத்தான். கோஃப் தீவும் அதற்குத்தான். அப்படி ஒரு நிலையம் இல்லை. நீ கேட்டேன் என்று எழுதினால் பிடித்துவிடலாம் என்று பொய்யை அச்சடித்து, உனக்குத் தனியாகக் கடிதமும் எழுதினேன்.

லண்டன் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறேன் என்று நீ இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய். நேற்று எல்லாக் கடிதங்களையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதல் தடவை விளையாட்டு என்று சிரித்துவிட்டேன். இரண்டாவது தடவை உன் கடிதத்தில் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன், நீ எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

தாளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டத்தில் சொல்லலாமென இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. திட்டியாவது எழுது.

நாயின் பெயரைக் கேட்டிருந்தாய். எதற்கு என்று தெரியவில்லை. துக்கே. வலது காது மடங்கியிருக்கும், வியாழக்கிழமை பால்காரனை மட்டும் கடிக்கும். மருந்துக்கடைக்காரர் பெயர் தோன் எவாரிஸ்தோ. நமக்கு ஆளுக்கு ஒரு சோம்பு மிட்டாய் கொடுப்பார், உன் பங்கையும் நான்தான் சாப்பிடுவேன்.

மிர்த்தா

---

லா கொரோனிஷா
11 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதம் கோபத்தால் இல்லை. கொஞ்சம் கோபத்தாலும்தான். ஆனால் முக்கியமாக, ஆகஸ்ட் கடைசியில் வருஷா வருஷம் வருகிற சாந்த்தா ரோஸா புயல். இந்த வருஷம் முப்பதாம் தேதியே தவறாமல் வந்தது. கொடிக்கம்பம் போயிற்று, ஆன்டெனா கடற்கரையில் கிடந்தது, பாதையும் மூடிவிட்டது. உன் கடிதமே போன செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது.

நீ கேட்டதால் சொல்கிறேன். கழகம் என்னைப் பொய்யன் என்று நினைத்தது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பாரெய்ரோ நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். நீ நினைத்தது வலித்தது. கோஃப் தீவுக்காக மூன்று மாலை உட்கார்ந்தேன். வேறு யார் எழுதியிருந்தாலும் முதல் நாள் அரை மணியில் எழுந்து ஞோக்கி சாப்பிடப் போயிருப்பேன். நீ எழுதியதால் அந்த ஆள் இருப்பான் என்று உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் குற்றத்தைக் கேள். நேரம் தப்பாக அச்சாகிறது என்று எனக்கு மே மாதமே தெரியும். எல்லாவற்றிலும் சரியாக மூன்று மணி. நீ பழக்கதோஷத்தில் கூட்டிவிடுகிறாய் என்று புரிந்தது. மார்ச்சில் சொன்னதை மறந்துவிட்டாயே என்று அப்போதே எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஜூனில் ஒரு தடவை நினைவுபடுத்தினேன். அடுத்த தாளிலும் அப்படியே வந்தது. என் பயம் கூடிவிட்டது.

அம்மாவுக்கும் எண்களில்தானே ஆரம்பித்தது? சொன்னதை மறப்பாள், மறுபடி சொன்னால் தலையாட்டிவிட்டு அதையே செய்வாள். அவளைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா: திருத்தாதீர்கள், திருத்தினால் பயந்துபோவாள். அதனால் நான் மறுபடி திருத்தவில்லை. மறந்து போயிருக்கிறாளா பார்ப்போம் என்றுதான் நாயின் பெயரைக் கேட்டேன். நீ எழுதவில்லை. மருந்துக்கடைக்காரர் பெயரைக் கேட்டேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும், உன்னை இங்கே கூட்டி வந்துவிடலாமா, எந்த அறை கொடுப்பது, கடல் பக்கம் வேண்டாம், தனியாக நடந்து போய்விடுவாள் என்று நானும் சுல்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். பதினேழாம் எண் அறைக்கு அவள் திரைச்சீலைகூடத் துவைத்துவிட்டாள்.

நீ என்னைப் பிடிக்கப் பொறி வைத்தாய். நானும் உனக்கு வைத்தேன். நான் கேட்டிருக்கலாம். நீயும் கேட்டிருக்கலாம்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே பிரித்தேன். வாக்கெடுப்பு, பொறி, எல்லாம் படித்தேன். முகம் சூடாகத்தான் இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்து "துக்கே, வலது காது மடங்கியிருக்கும்" என்று படித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சுல்மா ஓடி வந்து, "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். "பால்காரன் வரைக்கும் சரியா சொல்லியிருக்கா. அழுவுறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்றாள். அவளும் அழுதாள்.

தாளை விடாதே. மூன்றாம் தேதி நீ எழுந்து நின்று சொன்னதையும், உனக்குப் பின்னால் பாரெய்ரோ எழுந்து, கோஃப் தீவை அவர் கேட்கவே இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதையும் மெலோ ஊரில் இருந்து நம் உறுப்பினர் ஒருவர் நேற்று ரேடியோ அலையில் சொன்னார். வீட்டு விஷயத்தை அலையில் பேசக்கூடாது என்று அவரை நிறுத்திவிட்டேன். ஆனால் முழுதும் கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

பதினேழாம் எண் அறை தயாராகத்தான் இருக்கிறது. நினைவு நன்றாக இருக்கிறவர்களுக்கும் கொடுக்கலாம் என்கிறாள் சுல்மா. அக்டோபரில் வா. மாடியில் நீயே உட்கார்ந்து கேள்.

புதுக் கம்பியில் முதல் பட்டியல்:

ககோஷிமா. 10 செப்டம்பர், நம் நேரம் இரவு 9.35. லண்டன் 11 செப்டம்பர், 00.35. நன்றாகக் கேட்டது.

கோஃப் தீவு. 10 செப்டம்பர், நம் நேரம் மாலை 7 முதல் 8. லண்டன் 22.00 முதல் 23.00. கேட்கவில்லை.

இரண்டு நேரத்தையும் எழுதியிருக்கிறேன். எதையும் கூட்டாதே.

உன் தம்பி,
எல்பியோ